கல்லீரல் கட்டியும் கேட்க வேண்டிய கேள்வியும்

1951-இல் தோன்றிய நாள் தொட்டு, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி இந்நகரத்தாருக்கு மட்டுமன்றி, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்துத் தமிழ் மக்களுக்கும் பெரிய ஆதாரமாக இருந்து வருகிறது. வயிற்று வலிக்காகவோ, கொழுப்புக் கல்லீரல் என்ற சந்தேகத்தாலோ ஸ்கேன் எடுத்துக்கொண்டவரின் ரிப்போர்ட்டில், ‘கல்லீரலில் 3 செ.மீ. கட்டி’ என்று கடைசியில் ஒரு வரி காணப்படுமாயின், அதைப் படித்த மாத்திரத்தில் புற்றுநோயென்றே நிச்சயித்து, அக்கல்லூரி வளாகத்திலேயே உள்ள பிராந்தியப் புற்றுநோய் மையத்தில் ஓ.பி. சீட்டு எடுக்க விடியுமுன் போய் நிற்கும் குடும்பங்களும் உண்டு. ‘கேன்சர் இல்லை’ என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும், ரிப்போர்ட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்து மறந்துவிடுகிற குடும்பங்களும் உண்டு. கட்டி எந்த ஜாதியைச் சேர்ந்தது என்பதை இவ்விரு சாராருக்கும் எவரும் விளக்கிச் சொல்லவில்லை என்பதே என் ஆதங்கம்.

ரத்தக் குழாய்கள் சுருண்டு திரண்ட ஹெமாஞ்சியோமா என்ற ஜாதிக் கட்டி, நூறு பேரில் சிலருக்கு இருப்பது. ஆயுள் முழுவதும் உபத்திரவமின்றிக் கிடப்பதே அதன் சுபாவம். பெரும்பாலும் அதற்கு மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். கஷாயத்தால் கரைத்துவிடுவதாகச் சொல்பவரிடம் பணத்தை இழக்கவும் வேண்டாம்.

அடினோமா என்ற மற்றொரு ஜாதிக் கட்டி அப்படிப்பட்டதன்று. கருத்தடை மாத்திரைகளோடு அதற்குள்ள சம்பந்தத்தை 1973-லேயே வைத்தியர்கள் எடுத்துக்காட்டினர். மாத்திரையை நிறுத்தி, உடல் எடையைக் குறைத்தால் அது சுருங்குவதுண்டு, 5 செ.மீ.க்கு மேல் வளர்ந்தாலோ, வெடித்து வயிற்றினுள் ரத்தம் பெருகவும், காலக்கிரமத்தில் புற்றாக மாறவும் இடமுண்டு. ஆண்களிடம் புற்றாகும் அபாயம் அதிகமாதலால், அளவு சிறிதாயினும் அறுத்தெடுப்பதே உசிதம் என்பர். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை திரட்டுவதற்காக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் நம் வாலிபர்களை நினைக்கையில் எனக்கு உண்டாகும் கவலை கொஞ்சமன்று. அவ்வூசிகளும் இக்கட்டிக்குக் காரணமாகும்.

ஆகையால், சாதாரண ஸ்கேனில் சந்தேகம் தோன்றினால், மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ பார்த்து, கட்டியின் பெயர், அளவு, மறுபடி வர வேண்டிய தேதி ஆகிய மூன்றையும் நோயாளி அறிந்த பாஷையிலேயே எழுதிக்கொடுப்பது ஒவ்வோர் ஆஸ்பத்திரியின் கடமை. கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண், தன் கட்டியைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அடினோமா உள்ளவருக்கு வலப்புற மேல்வயிற்றில் திடீரென்று கடும் வலி எடுத்துத் தலைசுற்றுமாயின், வாயுவென்று எண்ணிச் சுக்கு வெந்நீர் கொடுத்துக் காத்திராமல், அந்த க்ஷணமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். பழைய ரிப்போர்ட்டும் கையோடு போகட்டும்.