சிவப்பு ஐசிக்காரர்களும் உள்துறை அமைச்சரும்

உள்துறை அமைச்சர் டத்தோஸ்ரீ சைஃபுடின் நசுத்தியோன் இஸ்மாயில் எங்கள் கெடாவுக்குப் புதியவர் அல்ல. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 29-இல் நடந்த லூனாஸ் இடைத்தேர்தலை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். ம.இ.கா. வைத்திருந்த தொகுதி அது. சைஃபுடின் 530 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த ஒரு இடம் போனதில் கெடா சட்டமன்றத்தில் தேசிய முன்னணியின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் போனது. வழிவழியாக அந்தக் கூட்டணியின் தராசுச் சின்னத்துக்கே போட்டுப் பழகிய தோட்டத்துக் கைகளில் சிலவும் அன்று துணிந்து மாறிப் போட்டன. பிறகு 2018 முதல் 2022 வரை கூலிம் பண்டார் பாரு நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 2022-இல் அங்கே தோற்று, மேலவை வழியாக அமைச்சரானார். தோட்டத்துக் குடும்பம் என்றால் என்ன, லயத்து வீட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பத்திரம் எந்த நிலையில் இருக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் குடியுரிமையில் அவர் எடுத்த நிலைப்பாட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரரை மணந்து, அங்கேயே பிரசவித்த மலேசியப் பெண்ணின் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடையாது. அதே நிலையில் இருக்கும் ஆணின் பிள்ளைக்கு உண்டு. இந்த அநியாயம் எத்தனையோ ஆண்டுகளாக நடந்தது. தாய்மார்கள் வழக்குப் போட்டு, 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் வென்று, மறு ஆண்டே மேல்முறையீட்டில் தோற்றார்கள். அதைச் சரி செய்வதுதான் சைஃபுடின் கொண்டுவந்த அரசியலமைப்புத் திருத்தம். சுங்கைப் பட்டாணியிலிருந்து கல்யாணமாகித் தமிழ்நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் போன பெண்கள் உண்டு. அவர்கள் சார்பில் மனதார நன்றி சொல்கிறேன். அதே மசோதாவில், கைவிடப்பட்ட குழந்தைகளையும் நாடற்ற குழந்தைகளையும் பாதித்திருக்கும் இரண்டு பிரிவுகளை, எதிர்ப்பு கிளம்பியதும் 2024 மார்ச்சில் அமைச்சு விலக்கிக்கொண்டது. கேட்கும் காது அவருக்கு உண்டு என்பதற்கு அது சாட்சி.

ஆனால் ஒன்றை மட்டும் விடவில்லை. இங்கே பிறக்கும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் அந்தப் பிள்ளை குடிமகன் என்பதுதான் திருத்தத்துக்கு முந்தைய சட்டம். நிரந்தரவாசி என்றால் சிவப்பு ஐசி வைத்திருப்பவர். திருத்தம் அந்த நிரந்தரவாசியை அங்கிருந்து எடுத்துவிட்டது. 2024 அக்டோபர் 17-இல் மக்களவையில் 206 பேர் ஆதரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு 148 பேர் போதும். அந்த 206-இல் நம்மவர்களும் அடக்கம். தாய்மார்களுக்கான நல்ல திருத்தத்தோடு இதையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால் எதிர்த்து யார் கை தூக்குவார்கள்?

சிவப்பு ஐசி என்றதும் பலருக்குப் பணக்கார வெளிநாட்டுக்காரரின் முகம் வருகிறது. எனக்குக் கோத்தா கோலா மூடாவில் மகனோடு இருக்கும் ஒரு பாட்டியின் முகம் வருகிறது. சுதந்திரத்துக்கு முன்பே இங்குள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மருத்துவச்சி கையால் பிரசவம். கிராணி பெயரை எழுதினாரா, எழுதினால் என்ன பெயர் எழுதினார் என்று கேட்க அன்றைக்கு வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் யாரும் இல்லை. பால் மரம் வெட்டியே வயது போனது. ஒரு பிளாஸ்டிக் உறையில் சிவப்பு ஐசி, தோட்டத்துச் சம்பளச் சீட்டு ஒன்று, 2004 சுனாமித் தண்ணீரில் ஊறி மை கலைந்த ஒரு காகிதம், இவ்வளவுதான் அவருடைய ஆதாரம். 2025 ஆகஸ்ட் 31 முதல் பதினெட்டு வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் மைகார்ட்டில் சாரா உதவியாக 100 ரிங்கிட் வந்தது அல்லவா? மகனும் மருமகளும் பேரனும் கடையில் அரிசி, எண்ணெய், மைலோ என்று எடுத்து ஆளுக்கு ஒரு நீல அட்டையை நீட்டினார்கள். பாட்டி பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "எனக்கு எதுக்கு தம்பி, பிள்ளைங்களுக்கு இருக்குல்ல" என்று என்னிடம் சொன்னார்.

அந்த மகனுக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி எப்படி வந்தது? அவர் பிறந்தபோது அப்பா, அம்மா இருவரிடமும் இருந்தது சிவப்பு ஐசிதான். நிரந்தரவாசியின் பிள்ளை குடிமகன் என்று சட்டத்தில் இருந்த அந்த ஒரு வரியால் வந்தது. அந்த வரியைத்தான் இப்போது எடுத்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே பிறந்தவர்களை இது தொடாது என்கிறார்கள். சரி. இனி பிறப்பவர்கள்? தோட்டத்துப் பக்கம் இன்னும் சிவப்பு ஐசியோடு இருக்கும் இளம் பெண்கள் உண்டு. அவர்களில் பலருக்குக் கோயிலில் தாலி ஏறியது, பதிவுத் திருமணம் ஆகவில்லை. பதிவு இல்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன் நீல ஐசிக்காரராக இருந்தாலும் சட்டம் தாயைத்தான் பார்க்கும். தாய் சிவப்பு ஐசி என்றால் பழைய சட்டத்தில் பிள்ளைக்குக் கவலை இல்லை. திருத்தத்தின்படி அந்தப் பிள்ளை விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தத் திருத்தத்தில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். நாடாளுமன்ற விவாதத்தில் பணக்கார முதலீட்டாளர்களைப் பற்றிப் பேசலாம். அடி விழுவது பாடாங் செராயிலும் பீடோங்கிலும் இருக்கும் இந்தப் பெண்களின் மடியில்.

குடியுரிமை அரசு தரும் மிக உயர்ந்த அங்கீகாரம், அதை எளிதில் கொடுக்க முடியாது என்பது உள்துறை அமைச்சு நெடுங்காலமாகச் சொல்லும் வாதம். நேற்று வந்து குடியேறியவருக்கு அது பொருந்தலாம். 1957 மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்த எந்தக் குழந்தைக்கும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடியுரிமை தந்த நாடு இது. அதற்குச் சில வருடம் முன்னே பிறந்து, பதிவு செய்ய வழி தெரியாமல் விட்டவர்கள்தான் இந்தச் சிவப்பு ஐசிப் பெரியவர்கள். 2011-இல் மைடஃப்தார் இயக்கம் நடந்தது. 2018-இல் அறுபது வயது தாண்டிய 3,407 இந்திய நிரந்தரவாசிகளுக்குக் குடியுரிமை தருவதாக அன்றைய அரசு அறிவித்தது. ஆட்சி மாறினாலும், இந்த மக்களுக்கு ஒரு பாக்கி இருக்கிறது என்பதை ஒவ்வொரு அரசும் ஒப்புக்கொண்டுதான் வந்திருக்கிறது. பிறகு ஏன் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கான கதவைச் சாத்துகிறோம்?

விண்ணப்பித்தால் சிறப்பு அதிகாரத்தின் கீழ் பரிசீலிப்போம் என்ற பதில் எனக்குப் போதவில்லை. சட்டப்படி வந்து சேர்ந்தது இனி அமைச்சர் மனது வைத்தால் வரும். இப்போதிருக்கும் அமைச்சர் நல்லவராகவே இருக்கட்டும். அடுத்து வருபவர்?

சைஃபுடினிடம் நான் கேட்பது ஒன்றுதான். சுதந்திரத்துக்கு முன்பே இங்கு இருந்த குடும்பங்களின் வழி வந்த நிரந்தரவாசிகளுக்கு இந்தத் திருத்தத்திலிருந்து விலக்கு வேண்டும், அது வாய்மொழி உறுதியாக இல்லாமல் சட்டத்தில் எழுத்தாக வர வேண்டும். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு முறை பின்வாங்கியவருக்கு இது இயலாத காரியம் அல்ல. மக்களவை சபாநாயகர் டான்ஸ்ரீ ஜொஹாரி அப்துல் 2008 முதல் 2022 வரை சுங்கைப் பட்டாணிக்கு உறுப்பினராக இருந்தவர். இன்று அந்தத் தொகுதி அவர் மகன் டாக்டர் முகமட் தௌஃபிக் கையில். கோத்தா கோலா மூடாக்காரர்கள் ஓட்டுப் போடுவதும் அந்தத் தொகுதியில்தான். உறுப்பினரின் சேவை மையத்துக்குக் கால்வாயும் தெருவிளக்கும் கேட்டுப் போகிறவர்கள் இந்தக் கேள்வியையும் ஒரு கடிதமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

தாலி கட்டிக்கொண்டு இன்னும் பதியாமல் இருக்கும் பிள்ளைகள் இந்த வாரமே பதிவு இலாகாவுக்குப் போய் என்ன பத்திரம் வேண்டும் என்று கேளுங்கள். தகப்பன் நீல ஐசி, குழந்தை பிறக்கும் முன்பே திருமணம் பதிவானது என்றால் குழந்தைக்குச் சிக்கல் இல்லை. கோயில் நிர்வாகங்கள், பதிவு முடிந்த சான்றிதழைப் பார்த்த பிறகே முகூர்த்தத்துக்குத் தேதி கொடுக்கலாம். அதற்கு எந்த அமைச்சரின் கையெழுத்தும் தேவையில்லை.