மொய்க் காசு

"மனசே சரியில்லை" என்று சொல்லும் முதியவருக்கு நம்மிடம் தயாராக இருக்கும் பதில், "காலையில கொஞ்சம் நடங்க" என்பதுதான். நல்ல யோசனை. உடல் அசைந்தால் மனச்சோர்வு தணிகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் நிறைய உண்டு. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையைத் திறந்தது. அங்கே நான் பார்க்கும் முதியவர்கள் அநேகமாக நல்ல பென்ஷன் வாங்குகிறவர்கள்.

ஊரில் எனக்கு அத்தை முறையாகும் ஒருவர் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. கேட்டால் "முட்டி வலிக்குதுப்பா" என்பார். வலி உண்மைதான். மொய் எழுதக் காசில்லை என்பதும் உண்மை. வெறுங்கையோடு போய்ப் பந்தியில் உட்கார அவருக்கு மனம் ஒப்பவில்லை. அவருக்கு வருமானம் முதியோர் உதவித்தொகை ஒன்றுதான். 2023-இல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. எண்பது வயதுக்குட்பட்டவருக்கு அதில் ஒன்றிய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். விசேஷங்கள் நின்றன, அப்புறம் கோயில், அப்புறம் கடைத்தெரு. நடக்காத கால் இன்னும் இறுகியது. பசி போனது, தூக்கமும் போனது. எது எதனால் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மருத்துவமனையில் அவர் சொன்னது முட்டி வலியை மட்டும்தான். கிடைத்ததும் அதற்கான மாத்திரைதான்.

2017-18-இல் நாடு முழுக்க நடந்த முதுமை ஆய்வு, அறுபதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கலாம் என்று காட்டியது. மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்னவர்களோ நூற்றில் ஒருவர்கூட இல்லை.

நூறு நாள் வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். 2005-இல் வந்த அந்தச் சட்டம் வயதுக்கு மேல்வரம்பு வைக்கவில்லை. எழுபது வயதுப் பாட்டிகளும் தூக்குச்சட்டியோடு ஏரிக்கரைக்கு நடந்தார்கள். "மரத்தடியில உக்காந்து கதை பேசுறாங்க" என்று ஏளனம் செய்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. தேய்ந்த மூட்டுக்கு மண் சுமப்பது நல்லதல்ல, சரி. ஆனால் நடையும், தன் கணக்கில் விழுந்த கூலியும், பேச்சுத்துணையும் அவர்களுக்கு ஒரே இடத்தில் கிடைத்தன. எந்த மருந்துச் சீட்டிலும் இவற்றை எழுதித் தர முடியாது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். கடந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா என்று கூடவே கேட்க ஒரு நிமிடம் போதும். கையில் செலவுக்குக் காசு இருக்கிறதா என்றும் கேட்கட்டும். உதவித்தொகையே வராதவர் என்றால் அந்தப் பெயர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரிடம் போய்ச் சேரட்டும். முட்டி வலிக்குப் பிசியோதெரபி அந்தத் திட்டத்திலேயே வீட்டு வாசலுக்கு வருகிறது.