சபராளியின் பெருநாள்



சபர் என்ற சொல் அரபு மொழியில் வெறும் பயணத்தைத்தான் குறிக்கும். நம் கடலோர ஊர்களில் அச்சொல்லின் கனம் வேறு. மச்சான் சபருக்குப் போயிருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னால், அவர் எப்போது திரும்புவார் என்று கேட்க நமக்கே நா எழுவதில்லை. சபராளி என்றதும் நம் கண்முன் வருபவை துபாயும், ஸவூதியும், சிங்கப்பூரும், மலேசியாவுமே. நமக்கு மிக அருகில் இருந்தும் நாம் அதிகம் பேசாத நாடு ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் அங்கே இறங்கிவிடலாம். மாலத்தீவைத்தான் சொல்கிறேன்.

"அவருக்கு என்ன குறை? முஸ்லிம் நாட்டில் இருக்கிறார். ஐந்து வேளையும் பாங்கு கேட்கும். பெருநாளை ஊரே கொண்டாடும்." மாலத்தீவிற்கு ஆள் அனுப்பிய வீடுகளில் இப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். முதற்பகுதி முற்றிலும் உண்மை. கி.பி. 1153இல் இஸ்லாத்தைத் தழுவிய நாடு அது. 2008ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர் அந்நாட்டின் குடிமகனாகவே ஆக முடியாது. பவழக் கற்களைச் செதுக்கிப் பதினேழாம் நூற்றாண்டில் எழுப்பிய ஹுகுரு பள்ளி தலைநகர் மாலேயில் இன்றும் நிற்கிறது. 'ஹுகுரு' என்றால் அவர்கள் மொழியில் வெள்ளிக்கிழமை. பெருநாள் கொண்டாட்டத்தைப் பற்றிய பிற்பகுதியைத்தான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. மாலத்தீவு நமக்குப் புதிய ஊர் அன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அம்மியில் இடித்துச் சம்பலுக்குச் சேர்க்கிறோமே மாசி, அது அங்கிருந்து வந்த பண்டம். திவேஹி மொழியில் மீனுக்கு 'மஸ்' என்றே பெயர். இப்னு பதூதா 1343இல் அத்தீவை அடைந்து காழியாகப் பொறுப்பேற்றபோதே, அந்த உலர்ந்த மீன் இந்தியாவுக்கும் சீனத்திற்கும் யமனுக்கும் ஏற்றுமதியானதை எழுதி வைத்தார். மறு ஆண்டு அங்கிருந்து புறப்பட்டு, இலங்கை வழியாக நம் மஃபர் கரைக்கு வந்து சேர்ந்தார். அவரும் ஒரு சபராளிதாம். ஆனால் அவர் காழி. அரசியும் அமைச்சர்களும் பெண் கொடுத்துப் பிடித்து வைக்க முயன்ற சபராளி. கொத்தனாருக்கும் தையற்காரருக்கும் அந்த வரவேற்பு ஏது?

2022ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 5,15,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 1,32,000 பேர் வெளிநாட்டவர். அதாவது நால்வரில் ஒருவர். வங்காளதேசத்தவர் மிகுதி. நம் நாட்டவரும் இலங்கையரும் அடுத்து வருவர். சிறு தீவுகளின் பள்ளிக்கூடங்களில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுப்போர், மருத்துவமனைச் செவிலியர், கடைக் கணக்கர், சமையற்காரர், கட்டட வேலை செய்வோர் எனப் பலதரம். ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டரே பரப்புள்ள மாலேயில் வாடகை கொடுத்து மாளாது. ஓர் அறையில் அடுக்குக் கட்டில் போட்டு எட்டுப் பேர், பத்துப் பேர் படுப்பதும், இரவு வேலைக்காரன் எழுந்து போன பாயில் பகல் வேலைக்காரன் சாய்வதும் அங்கே வழக்கம்.

நோன்பு மாதம் அங்கே கடுமையானதன்று. நில நடுக்கோட்டை ஒட்டிய நாடாகையால் எந்தப் பருவத்தில் ரமளான் வந்தாலும் நோன்பின் நேரம் ஏறக்குறைய பதின்மூன்றரை மணிதான். ஐரோப்பாவின் கோடையில் நோன்பு நோற்போரைப் போல் அவர்கள் தவிப்பதில்லை. அலுவலக நேரம் குறையும். பகலில் உணவகங்கள் மூடிக் கிடக்கும். மாலையில் பேரீச்சம்பழமும் பழச்சாறும், சூரை மீனும் தேங்காயும் உள்ளடைத்துப் பொரித்த பண்டங்களும் கடை கடையாக அடுக்கியிருக்கும். நம் பள்ளிவாசல் வாளிக் கஞ்சி மட்டும் இராது. அங்கிருந்து திரும்பியவர்களிடம் கேளுங்கள். இறைச்சியைச் சொல்ல மாட்டார்கள், பிரியாணியைச் சொல்ல மாட்டார்கள். அஸருக்குப் பின் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்ற நோன்புக் கஞ்சியைத்தான் சொல்வார்கள்.

பெருநாள் நெருங்க நெருங்கத்தான் அந்த ஊரின் முகம் மாறும். மாலேயில் வாழும் மாலத்தீவு மக்களில் பெரும் பகுதியினருக்குச் சொந்தத் தீவு வேறு. விடுமுறை விட்டதும் படகுத் துறையில் கால் வைக்க இடம் இராது. தாயைப் பார்க்க, பாட்டியைப் பார்க்க, பிறந்த தீவை நோக்கி எல்லாரும் புறப்பட்டுவிடுவார்கள். நம்மவர் சென்னையிலிருந்து ஊருக்கு ஓடி வருவதில்லையா, அதைப் போல. பின்னர்த் தலைநகரில் எஞ்சுவோர் யார்? போக இடமில்லாத வெளிநாட்டார்தாம். பெருநாளில் அந்நகரம் சபராளிகளின் நகரமாகிவிடுகிறது. பல உணவகங்கள் பூட்டியிருக்கும். திறந்திருக்கும் கடைகளில் கல்லாவில் அமர்ந்திருப்பவரும் ஒரு சபராளியாகவே இருப்பார்.

காலையில் குளித்து, அத்தர் பூசி, 1984இல் கட்டி முடித்த பொற்குவிமாடப் பள்ளிக்குச் செல்கிறார் நம்மவர். தக்பீர் ஒன்றே. தொழுகை ஒன்றே. குத்பா தொடங்கியதும் அவர் அந்நியராகிவிடுகிறார். அது திவேஹி மொழியில் இருக்கும். இடையிடையே வரும் குர்ஆன் வசனமும் ஸலவாத்தும் மட்டுமே காதில் பிடிபடும். தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் முஸாபஹா செய்வார். மாலத்தீவு மக்கள் பண்புள்ளவர்கள், அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கை கொடுத்தவர் தம் பிள்ளைகளோடு ஒரு பக்கம் நடப்பார். இவர் தம் அறையை நோக்கி மறுபக்கம் நடப்பார். மாலையில் குடியரசுச் சதுக்கத்திலோ, 2018இல் திறந்த கடற்பாலத்தைக் கடந்து ஹுல்ஹுமாலே கடற்கரையிலோ தம்மைப் போன்றவர்களோடு உட்கார்ந்து, உங்கள் வீட்டிலிருந்து வந்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள்.

உல்லாச விடுதிகள் அமைந்த தீவுகளில் வேலை பார்ப்போரின் நிலை இன்னும் வேறு. விருந்தினரின் விடுமுறையே அங்கே ஊழியரின் வேலை. விடுதிக்குள் ஊழியர்க்கெனப் பள்ளி உண்டு. பெருநாள் தொழுகையை முடித்த கையோடு சீருடைக்கு மாறி, வெள்ளைக்காரர் காலை உணவுக்கு மேசை விரிக்க ஓட வேண்டும்.

சகோதரிகளே, இப்போது உங்கள் வீட்டிற்கு வருகிறேன். பிறை விஷயத்தில் அந்நாட்டின் முடிவு வேறு, நம் தலைமைக் காழியின் முடிவு வேறு. அங்கே ஒரு நாள் முன்னதாகப் பெருநாள் வரும் ஆண்டுகள் உண்டு. அவ்வாண்டுகளில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தம் பெருநாளில் அவர் உங்களை அழைக்கும்போது நீங்கள் நோன்பில் இருக்கிறீர்கள். உம்மா உறங்குகிறார், பிள்ளைகள் ஓதப் போய்விட்டார்கள். "இங்கே நாளைக்குத்தான் பெருநாள், நாளைக்கு எடுங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். மறுநாள் புத்தாடை உடுத்தி, பிரியாணிச் சட்டியைச் சுற்றி எல்லாரும் நின்று நீங்கள் அழைக்கும்போது அவர் வேலையில் இருக்கிறார். இரு ஊர்களுக்கும் கடிகாரத்தில் அரை மணி நேரமே வேறுபாடு. பெருநாளில் ஒரு முழு நாள் வேறுபாடு. அவருடைய பெருநாளில் வீடு இல்லை, வீட்டின் பெருநாளில் அவர் இல்லை. அவர் தொழுகையிலிருந்து வந்து அழைக்கும் அந்த முதல் அழைப்பை, நீங்கள் நோன்போடு இருந்தாலும், பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு எடுக்கலாம். "என்ன சாப்பிட்டீங்க, யாரோடு சாப்பிட்டீங்க" என்று கேட்கலாம். சின்னவளை அன்று பாடம் கொடுத்த சூராவை ஓதிக் காட்டச் சொல்லலாம். "சங்கிலி என்னாச்சு" என்ற கேள்வி ஒரு வாரம் பொறுக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்பதானால் இதையும் அறிந்து கேளுங்கள். அங்கே பலருக்குச் சம்பளம் ரூபியாவில். ஒரு டாலருக்கு 15.42 ரூபியா என்பது அரசின் கணக்கு. அந்த விலைக்கு வங்கியில் வேண்டிய அளவு டாலர் கிடைப்பது அரிது. வெளியில் கூடுதல் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சென்ற மாதம் வந்த தொகை இந்த மாதம் குறைந்தால் அவர் மறைத்துவிட்டார் என்று பொருளன்று. "ஒன்றரை மணி நேரப் பயணம்தானே, வந்து போகக் கூடாதா" என்பதும் நியாயமான கேள்வியன்று. ஒப்பந்தப்படி விடுப்பு ஆண்டுக்கு ஒருமுறை. பெருநாள் வாரத்தில் பயணச்சீட்டின் விலை ஏறிவிடும். கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் முதலாளிகளும் உண்டு.

இதை எழுதும்போது வேறொன்றும் நெஞ்சில் உறுத்துகிறது. நம் ஊர்களின் உணவகங்களிலும், கட்டட வேலைகளிலும், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளிலும் பீகாரிலிருந்தும் மேற்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த முஸ்லிம் இளைஞர்கள் எத்தனை பேர்! பெருநாள் தொழுகையில் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். நம் குத்பா அவர்களுக்குப் புரியாது. முஸாபஹா செய்துவிட்டு நாம் ஒரு பக்கம் நடக்கிறோம், அவர்கள் மறுபக்கம் நடக்கிறார்கள். மாலேயில் எவரேனும் நம் பிள்ளையைச் சாப்பிட அழைக்கமாட்டார்களா என்று ஏங்கும் வீடுகளே, உங்கள் தெருமுனைப் பரோட்டாக் கடையில் மாவு பிசையும் பையனை இந்தப் பெருநாளில் அழைத்ததுண்டா? பீகாரில் அவனுக்கும் ஓர் உம்மா இருக்கிறாள்.

பித்ராவைப் பற்றியும் பிறையைப் பற்றியும் மஸ்அலா கேட்டுப் பலர் எழுதுவதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷாபிஈ மத்ஹபின்படி பித்ரா யாருக்காகக் கொடுக்கப்படுகிறதோ அவர் இருக்கும் ஊரில் கொடுப்பதே முறை. சபராளி தம் பித்ராவை மாலத்தீவிலேயே கொடுக்க வேண்டும். அங்கே அரசே அதைத் திரட்டுகிறது. மனைவி மக்களுக்கான பித்ரா அவர் பொறுப்பே எனினும் இங்கே உள்ள ஏழைகளுக்குச் சேர வேண்டும். நீங்கள் அவருடைய பங்கையும் சேர்த்து இங்கே அளந்துவிடாதீர்கள்.

பிறையைப் பொறுத்தவரை ஸஹீஹ் முஸ்லிமில் வரும் குறைப் அவர்களின் செய்தி நமக்கு வழிகாட்டுகிறது. சிரியாவில் வெள்ளி இரவில் பிறை கண்ட அவர் மதீனா திரும்பியபோது, தாங்கள் சனி இரவில் கண்டதாகவும், முப்பதை நிறைவு செய்யும்வரை அல்லது பிறையைக் காணும்வரை நோன்பைத் தொடர்வதாகவும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறிவிட்டார்கள். எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் மக்களோடு அவர் நோன்பும் பெருநாளும். இங்கிருந்து பிந்தி நோன்பைத் தொடங்கி, இடையில் மாலத்தீவு சென்றவருக்கு இருபத்தெட்டிலேயே அங்கே பெருநாள் வந்துவிட்டால், அவர்களோடு பெருநாள் கொண்டாடிவிட்டுப் பின்னர் ஒரு நோன்பைக் களா செய்ய வேண்டும். மாறாக, விடுப்புக் கிடைத்து அங்கிருந்து கடைசி நாட்களில் வீடு திரும்புபவர் முப்பதை நிறைவு செய்திருந்தாலும், நம் ஊரில் பிறை தெரியவில்லையென்றால் நம்மோடு சேர்ந்து நோன்பு நோற்க வேண்டும். இந்த ஆண்டு உங்கள் வீட்டிற்கு அப்படி ஒருவர் வந்து சேர்ந்தால், பயணக் களைப்பில் உறங்கட்டும் என்று விட்டுவிடாமல், அவருடைய முப்பத்தொன்றாம் நோன்பின் ஸஹருக்கு எழுப்பி, சூடாகச் சோறு வையுங்கள்.