எவ்வளவுக்கு விற்பீர்கள் என்று கேட்காதீர்கள்

ஒரு பெண் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தால், பார்க்கிறவர்கள் மனதில் இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன. வீட்டில் கஷ்டமா? கஷ்டம் இல்லையென்றால், விற்பதற்கா? 'பிடித்திருக்கிறது, அதனால் தைக்கிறேன்' என்று நான் சொல்வதை யாரும் முழுதாக நம்புவதில்லை. "இவ்வளவு நன்றாக வருகிறதே, ஆர்டர் எடுத்துச் செய்யலாமே" என்கிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. காசு வராத வேலை வீண் வேலை என்ற தீர்ப்பு. அதை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது வடக்கு அந்தமானில், திக்லிபூரில். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து அந்தமான் டிரங்க் ரோடு வழியாக வந்தால் ஒரு பகல் முழுக்கப் பயணம். அப்பா ராமநாதபுரம் பக்கமிருந்து பொதுப்பணித் துறை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, அக்கம்பக்கத்தில் வங்காளம் என்று எங்கள் பேச்சு நடக்கும். சுபாஷ்கிராம், ரவீந்திரபள்ளி, வித்யாசாகர்பள்ளி, தேசபந்துகிராம் என்று சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே இது யார் குடியேறிய மண் என்று புரிந்துவிடும். பிரிவினைக்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பங்களை 1950களில் அரசு இங்கே குடியமர்த்தியது. காடு திருத்தி நெல் போட்ட அந்தக் குடும்பங்களோடு காந்தா தையலும் கப்பலேறி வந்தது.

பழைய பருத்திச் சேலைகளை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, ஓட்டுத் தையலால் ஒரே விரிப்பாக்குவதுதான் காந்தா. உள்ளே பஞ்சு கிடையாது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா; மாசிமா என்றுதான் கூப்பிடுவேன். குல்னா பக்கம் பிறந்து, விவரம் தெரியாத வயதில் இங்கே வந்தவர். அவர் தைப்பதைப் பார்க்க வேண்டும். சேலைகளைத் துவைத்துக் கஞ்சிப்பசை போன பிறகு, மெலிந்துபோன துணியை நடுவிலும் கொஞ்சம் உறுதியானதை மேலும் கீழுமாக சிமெண்ட் தரையில் விரிப்பார். மூலைக்கு ஒரு பித்தளைச் செம்பு வைத்துச் சுருக்கம் போக இழுத்துவிடுவார். அடுக்குகள் நகராமலிருக்க நீள நீளமாகத் தளர்ந்த தையல் போடுவார். கடைசியில் அதைப் பிரித்துவிட வேண்டும். நூலுக்குக் கடைக்குப் போவதில்லை. கிழித்தெடுத்த சேலைக்கரையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு, சிவப்பும் நீலமுமாக இழைகளை உருவி, இரண்டு மூன்றைச் சேர்த்துத் தொடையில் வைத்துத் திரித்துக்கொள்வார்.

பிறகு ஓரத்திலிருந்து தையல். ஊசியை ஆடாமல் பிடித்துக்கொண்டு துணியை அதன்மேல் நாலைந்து பிடி ஏற்றி ஒரே இழுப்பாக இழுப்பார். வரிக்கு வரி இடைவெளி பிசகாது. அளவுகோலைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நூலை ஒரே சீராக இழுக்க இழுக்கத் துணி லேசாகச் சுருங்கி, பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாக எழும்பும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் நன்றாகத் தெரியும். அந்த நெளிவு வராமல் துணி தட்டையாகக் கிடந்தால், மாசிமா ஒன்றும் பேசாமல் கத்தரியை எடுத்து என் கையில் கொடுத்துவிடுவார். பிரித்துத் தைக்க வேண்டும் என்று அர்த்தம். இப்போது வரும் சேலைக் கரைகளில் பாதி பாலியெஸ்டர் என்பதால் நான் ஆங்கர் நூல் வாங்கித்தான் தைக்கிறேன். மாசிமாவுக்கு இன்றுவரை அதில் சம்மதமில்லை.

இந்த ஊரில் தையல் பழகத் தனிப் பொறுமை வேண்டும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. ஊசி துருப்பிடிக்கும். வெள்ளைத் துணியில் குண்டூசியைக் குத்தியபடி இரவு விட்டால் காலையில் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும். எலுமிச்சையும் உப்பும் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. மிஷின் எண்ணெய் தொட்ட ஃபிளானல் துண்டில் ஊசிகளைக் குத்தி, இறுக மூடும் டப்பாவில் வைக்கிறேன். மழை விட்ட நாளில் முதல் வேலை துணிப் பெட்டியைத் திறந்து வெயில் காட்டுவது. இல்லாவிட்டால் மடிப்புக்கு மடிப்பு பூஞ்சை. தை மாத இரவிலும் இங்கே குளிர் என்று பெரிதாக இருக்காது. பஞ்சு அடைத்த வடநாட்டு ரஜாய் இந்த ஊருக்கு உதவாது. விடியற்காலை நாலு மணிக்கு மின்விசிறிக் காற்று உறைக்கும்போது இழுத்துப் போர்த்த இரண்டடுக்குக் காந்தாதான் சரி.

புதுத் துணி என்றால் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலில் வந்து, ஜராவா பழங்குடிக் காப்பகம் வழியே கான்வாயில் காத்திருந்து, லாரியில் இங்கே வந்து சேர வேண்டும். அதனால் ஒரு சாண் துணியைக்கூட எறிய மனம் வராது. மதுரைக்குப் போகும்போதெல்லாம் புதுமண்டபத்துத் தையல்காரர்களிடம் வெட்டுத் துணி கேட்டு வாங்கிவருவேன். நாயக்கர் காலத்துக் கற்தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். கோயிலில் தொங்கவிடும் தொம்பைக்கும் சாமி பாவாடைக்கும் வெட்டி மிஞ்சிய அந்தச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வேறெங்கும் கிடைக்காத நிறங்கள்.

காந்தா யாருக்காகத் தைக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பிறக்கப்போகும் பிள்ளையைப் போர்த்த, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்க, புத்தகம் பொதிய, விருந்தாளி உட்கார விரிக்க என்று எல்லாமே வீட்டு மனிதர்களுக்காக. கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இலேயே காந்தாவைப் பற்றி விரிவாக எழுதினார். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் வங்காளக் கிராமங்களில் தேடிச் சேர்த்த காந்தாக்கள் கொல்கத்தா ஜோகாவில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்ற ஒன்று 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி தம் தந்தைக்காகத் தைத்தது. அதைத் துணியிலேயே எழுத்தாகவும் தைத்திருக்கிறார். இன்று அறிஞர்கள் வியந்து பார்க்கும் அந்தத் துணி, ஒரு மகள் அப்பாவுக்குக் கொடுத்த பரிசு. சந்தைக்கு என்று அவர் தைக்கவில்லை.

விற்பனைக்குத் தைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. மேற்கு வங்காளத்தில் எத்தனையோ குடும்பங்கள் இன்று காந்தாவால் அடுப்பெரிக்கின்றன. மேற்கு வங்காளத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏராளமான பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023இலும் தக்தீரா பேகத்துக்கு 2024இலும் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் தெருவே மகிழ்ந்தது. தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறார்கள். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் தையல்காரர்களும் இருக்கிறார்கள். எல்லாம் வேண்டியவை. ஆர்டருக்குத் தைக்கும் பெண்ணின் கூலி இன்னும் உயர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் ஆர்டர் என்று வந்துவிட்டால் டிசைன் வேறொருவருடையது, நிறம் வேறொருவருடையது, தேதி வேறொருவருடையது. தைக்கிறவளுக்கென்று மிச்சம் இருப்பது கைவேகம் மட்டும்தான். தையல் தெரிந்த ஒவ்வொரு பெண்ணையும் அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தால், தனக்கென்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து தைக்க யாருக்குத்தான் உரிமை இருக்கும்?

என் அம்மாவுக்குத் தையல் பிடிக்காது. எங்கள் ஆறு பேரின் சட்டை, பாவாடை எல்லாம் அவர் கையால்தான். பெரியவனின் கால்சட்டையைச் சின்னவனுக்குப் பிடிப்பது, கிழிந்த போர்வையை இரண்டாக வெட்டி ஓரத்தை நடுவாக்குவது என்று, சமையல் முடிந்து மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்காருவார். கண் எரியும்; விட முடியாது. அதனால் 'அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாரும் தைத்தார்கள்' என்று பெருமூச்சு விடுபவர்களோடு என்னால் சேர முடியவில்லை. கட்டாயத்தில் செய்த வேலையை நாம் அழகாக்கிப் பேசக் கூடாது.

இயந்திரங்களை அவ்வளவு எளிதில் ஏற்காத காந்தியடிகள்கூட, பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜி. ராமச்சந்திரனோடு 1924இல் பேசும்போது சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைப் பார்த்த ஒருவரின் அன்பிலிருந்து பிறந்த இயந்திரம் அது என்பது அவர் சொன்ன காரணம். மிஷினும் ஆயத்த ஆடைகளும் வந்து அம்மா சுமந்த கட்டாயத்தை இறக்கி வைத்துவிட்டன. அதனால்தான் நான் விரும்பித் தைக்க முடிகிறது. துண்டுகளை இணைக்கும் நேர்த்தையலை மிதி மிஷினில் ஓட்டிவிடுகிறேன். அடுக்குத் தையலுக்கு மட்டும் கை.

கட்டாயத்துக்கு நடுவிலும் பெண்கள் தங்களுக்கென்று ஓர் இடம் பிடித்துவைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி பெண்கள் பழந்துணித் துண்டுகளைக் கொண்டு கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். வெளி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முடித்ததும் நாலு மூலையிலும் மடித்த துணியால் பூ வைப்பார்கள். பூ இல்லாவிட்டாலும் குளிர் அடங்கும், ஆனாலும் வைக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் வயல்வேலைக்குப் போட்டுத் தேய்ந்த துணிகளைக் கொண்டு தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய அருங்காட்சியகங்களின் சுவர்களில் ஏறின. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்தத் தேர்வில் இருக்கும் இன்பம் வறுமையிலும் அவர்களை விட்டுப் போகவில்லை.

அந்த இன்பத்துக்காகத்தான் நானும் தைக்கிறேன். அம்மாவின் சின்னாளப்பட்டி சுங்குடி, என் பேரனின் பள்ளிச் சீருடை, மாசிமா தந்த தாந்த் கைத்தறிச் சேலையின் உடல்பகுதி, மூன்றையும் ஒரே விரிப்பில் எங்கே எதை வைப்பது என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். மூலையில் ஓர் ஆமை தைத்தேன். காளிப்பூர் கடற்கரையில் டிசம்பர் தொடங்கி ஆமைகள் கரையேறி முட்டையிடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தெரிந்த உருவம். "காந்தாவில் தாமரையும் மீனும்தான் வரும், ஆமை எங்கே வந்தது?" என்று கேட்ட மாசிமா, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஊசியை வாங்கி அதற்குக் கண் வைத்தார்.

ஆண் பிள்ளைகளுக்கும் இது உரியதே. ஏரியல் பே துறையில் வலையின் கிழிசலைச் செப்பனிடும் ஆண்களின் கையைப் பாருங்கள். எந்தத் தையல்காரருக்கும் குறையாத நுணுக்கம். என் பேரன் பொத்தான் தைக்கக் கற்றான், பிறகு தலையணை உறை வெட்டினான். அங்குஸ்தான் மாட்டினால் விரல் நோகாது என்று தெரிந்த நாளிலிருந்து அவனாகவே பெட்டியைத் திறக்கிறான். "தையல் படித்து என்ன செய்யப்போகிறான்?" என்று வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் கேட்டார். பொத்தான் தைப்பான் என்றேன்.

2020 தேசியக் கல்விக் கொள்கையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் உள்ளூர்க் கைவினைஞர்களிடம் பழகலாம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. திக்லிபூர் வட்டாரத் தலைமை ஆசிரியர்களிடம், உங்களில் ஒருத்தியாக இருந்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். அந்தப் பத்து நாளில் இரண்டு நாளைக் காந்தாவுக்குக் கொடுங்கள். பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒரு பழைய பருத்திச் சேலை கொண்டுவரச் சொல்லுங்கள். கிராமத்துக்கு ஒரு பாட்டியையாவது அழைத்து நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். பையன்களையும் பெண்பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவையுங்கள். மதிப்பெண் போட வேண்டாம், விற்பனைக் கண்காட்சி வைக்க வேண்டாம், தைத்ததை அவரவர் வீட்டுக்கே கொண்டுபோகட்டும். சிறு குழந்தையாக இங்கே வந்திறங்கியவர்களுக்கே இப்போது எழுபதும் எண்பதும் ஆகிவிட்டது. மாசிமாவுக்குக் கண் புரை முற்றிக்கொண்டு வருகிறது. ஊசியில் நூல் கோக்க ஆள் கூப்பிடுகிறார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளாமல், இந்தக் கல்வியாண்டிலேயே அழையுங்கள்.