எலுமிச்சைப் பனி

வளர்ப்புப் பல்லிகளைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: இவற்றைக் கூண்டுக்குள் இனம்பெருக்க வைப்பது எப்படி? அந்த ‘எப்படி’க்கு விடை கிடைத்து வெகுகாலமாயிற்று. ‘எதற்காக’ என்பதுதான் இன்னும் சரிவரக் கேட்கப்படவில்லை என்று தோன்றுகிறது.

பல்லியையும் ஒருவர் வளர்ப்பாரா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சொன்னால் சகுனம், மேலே விழுந்தால் பலன் என்ற அளவில் நமக்கும் பல்லிக்குமான உறவு முடிந்துவிடுகிறது. ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண்ணாடித் தொட்டிகளில் பல்லி வளர்ப்பது பெரும் பொழுதுபோக்கு. அதையொட்டிச் சந்தையும் உண்டு. அச்சந்தையில் முன்னிற்பது சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட கற்பாங்கான நிலங்கள் இதன் தாயகம். நம் வீட்டுப் பல்லிக்கு இருப்பதுபோல் சுவரேறும் விரல்திண்டு இதற்கு இல்லை. வீட்டுப் பல்லிக்கு இல்லாத அசையும் இமை இதற்கு உண்டு.

இதை இனம்பெருக்குவது கடினமே அல்ல. குளிர்காலத்தில் சில வாரங்கள் தொட்டியின் வெப்பத்தைக் குறைத்து, பின்னர் மெல்ல உயர்த்துகிறார்கள். ஓர் ஆணைப் பெண்களுடன் சேர்க்கிறார்கள். இரண்டு ஆண்களைச் சேர்த்தால் சண்டை மூளும். முட்டையிட ஈரமான மண்பெட்டி ஒன்று வேண்டும். ஓர் ஈட்டுக்குப் பொதுவாக இரண்டு முட்டைகள். ஒரே பருவத்தில் பல ஈடுகள். முட்டையோட்டுக்கான சுண்ணாம்புச் சத்து தாயின் உடலிலிருந்தே செல்கிறது. தீவனத்தில் அச்சத்து குறைந்தால் அவளுடைய எலும்புகள் அந்த விலையைக் கொடுக்கும். இட்ட முட்டையைப் புரட்டக்கூடாது. புரட்டினால் உள்ளிருக்கும் கரு அழியக்கூடும்.

இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. இப்பல்லியின் பாலினத்தை முடிவுசெய்வது அடைகாக்கும் வெப்பம். ஏறத்தாழ 26 பாகை செல்சியசில் வைத்தால் பெரும்பாலும் பெண் குஞ்சுகள். 32, 33 பாகையை ஒட்டி வைத்தால் பெரும்பாலும் ஆண்கள். அதற்கும் மேலே போனால் மீண்டும் பெண்களே மிகுதி. பிறக்கப்போகும் உயிர் ஆணா பெண்ணா என்பதை ஒரு கருவியின் திருகாணியைத் திருப்பித் தீர்மானித்துவிடலாம் என்றாகிறது. ஆணொன்று பல பெண்களுக்குப் போதும் என்பதால் சந்தைக்குப் பெண்களே கூடுதலாகத் தேவை. எனவே திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குறுந்தொகையின் 16ஆம் பாட்டில், கள்ளிக்காட்டில் பல்லி தன் துணையை அழைக்கும் ஒலியைக் கேட்டுத் தலைவன் நம்மை நினையாதிருப்பானோ என்று தோழி ஆறுதல் கூறுகிறாள். அங்கே அழைப்பது பல்லி. கூண்டில் நாள் குறிப்பவர் வளர்ப்பவர். வேறுபாடு இவ்வளவே எனினும் பொறுப்பு முழுவதும் இடம் மாறிவிடுகிறது.

கூண்டில் இனம்பெருக்குவதே தவறு என்று நான் வாதிடவில்லை. நியூ கலிடோனியாவின் கொண்டைப் பல்லி 1866இல் அறிவியலுக்கு அறிமுகமாகி, பின்னர் அழிந்துபோனதாகக் கருதப்பட்டு, 1994இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. இன்று உலகெங்கும் வளர்க்கப்படுபவை, 1990களில் அங்கிருந்து கொண்டுவரப்பட்ட சிலவற்றின் வழிவந்தவை. கூண்டில் பிறந்தவை தாராளமாகக் கிடைப்பதால், அத்தீவுகளிலிருந்து இவற்றைப் பிடித்துவரும் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. கிழக்குத் தான்சானியாவில், உலுகுரு மலையடிவாரக் காடுகளில் மட்டும் வாழும் நீலக் குறும்பல்லியின் கதை இதற்கு நேர்மாறு. ஆண் பல்லியின் உடல் பளிச்சிடும் நீலம். அந்த நிறமே அதற்குப் பகையாயிற்று. அது குடியிருப்பது நம் தாழையின் இனத்தைச் சேர்ந்த மரங்களின் இலையிடுக்குகளில். பிடிப்பவர்கள் மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பல்லிகளை எடுத்தார்கள்; உயிரும் போயிற்று, உறைவிடமும் போயிற்று. 2016இல்தான் அதன் பன்னாட்டு வணிகத்துக்கு முழுத்தடை முடிவாயிற்று. இத்தகைய ஓர் இனத்தைப் பொறுத்தவரை, கூண்டில் பிறந்த ஒவ்வொரு குஞ்சும் காட்டில் ஒன்றைப் பிழைக்க வைக்கக்கூடும். ‘கூண்டில் பிறந்தது’ என்ற சீட்டு உண்மையானதாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. காட்டில் பிடித்ததை அச்சீட்டின் கீழ் விற்கும் மோசடியும் ஊர்வன வணிகத்தில் நடந்துவருகிறது.

ஆகவே இனம்பெருக்குவதற்கு ஒரு நியாயம் உண்டு. சிக்கல், அந்த நியாயத்தின் நிழலில் வேறொன்று வளர்வதில் இருக்கிறது. சிறுத்தைப் பல்லியைக் காட்டிலிருந்து பிடித்துவர வேண்டிய தேவை சந்தைக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது பெருக்குவது நிறத்துக்காக. புதிய நிறமொன்று தோன்றினால் அதற்குப் பெயர் சூட்டி, உறவுக்குள்ளேயே இணைசேர்த்து, பெரும் விலைக்கு விற்கிறார்கள்.

2015ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் கூண்டுப் பல்லிகளிடையே அப்படியொரு நிறம் தற்செயலாகத் தோன்றியது. வெண்மை பூத்த பளீர் மஞ்சள். அதற்கு ‘எலுமிச்சைப் பனி’ என்று பொருள்படும் பெயரிட்டார்கள்: லெமன் ஃப்ராஸ்ட். வளர்ப்பவர்களிடையே பெரும் வரவேற்பு. சிறிது காலத்தில் அப்பல்லிகளின் தோலில் வெண்ணிறக் கட்டிகள் தோன்றத் தொடங்கின. 2021இல் வெளியான மரபணு ஆய்வு காரணத்தைக் கண்டது. கட்டிகளை அடக்கிவைக்கும் ஸ்பின்ட்1 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தோடு அந்த நிறம் பிணைந்திருக்கிறது. ஒளியைச் சிதறவைத்து வெண்மை தரும் தோல் உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகுகின்றன; அழகாகத் தெரிவதும் அதனால்தான், புற்றாக மாறுவதும் அதனால்தான். இந்நிறப் பல்லிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் கட்டிகள் உண்டாகின்றன. நிறத்தை வைத்துக்கொண்டு நோயை மட்டும் களைந்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அந்த ஆய்வு இடம் வைக்கவில்லை.

இதற்கு இரண்டு மறுமொழிகள் கூறப்படுவதுண்டு. ஒன்று, மனிதன் புறாவையும் தங்கமீனையும் நாயையும் காலங்காலமாக இப்படித்தானே உருமாற்றி வந்திருக்கிறான் என்பது. உண்மைதான். மூச்சுவிடத் திணறும் தட்டைமூக்கு நாய்களை உருவாக்கியதும் அதே பழக்கம். ஒரு பழக்கத்தின் முதுமை அதற்கு நியாயமாகிவிடாது. இரண்டாவது சற்று வலுவானது: மனிதரின் தோல் புற்றோடும் தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு மரபணுவைப் பற்றிய அறிவு இப்பல்லிகளால் கூடியது என்பது. அறிவு கூடியதில் மகிழ்ச்சியே. ஆனால் அது நேர்ந்த கேட்டிலிருந்து ஆய்வாளர்கள் ஈட்டிய நன்மை. நோய் உறுதி என்று தெரிந்தபின் வீட்டுத் தொட்டியில் அடுத்த ஈட்டுக்கு ஆயத்தம் செய்பவர் அந்த நன்மையில் பங்கு கோர முடியாது.

நாய் வலித்தால் முனகும். பல்லி அதைப் பெரும்பாலும் வெளிக்காட்டுவதில்லை. தின்பதை நிறுத்தும், வால் மெலியும், அவ்வளவே. தன் வலியை நமக்குப் புரியும் மொழியில் சொல்லத் தெரியாத உயிரிடம் நாம் கூடுதல் கவனத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்பதே என் கட்சி.

இனம்பெருக்க விரும்புவோருக்குச் சில வரையறைகள் இருந்தால் நல்லது. பெண் முழுவளர்ச்சி அடைந்து உடல் தேறியிருக்க வேண்டும்; தொடர்ந்து ஈன்றவளுக்கு ஓய்வு தர வேண்டும். குஞ்சுகளுக்கு வீடு கிடைக்கும் என்பது முட்டைக்கு முன்பே உறுதியாக வேண்டும். சிறுத்தைப் பல்லி கூண்டில் 15, 20 ஆண்டுகள் கூட வாழும்; ஒரு பெண் ஒரே பருவத்தில் பத்துக்கு மேல் முட்டையிடக்கூடும். நோயோடு பிணைந்தது என்று தெரிந்த நிறத்தை, எவ்வளவு விலை போனாலும், அந்தத் தலைமுறையோடு நிறுத்திவிட வேண்டும். இட்ட முட்டைகளை அடைவைக்காமல் விடுவதும் வளர்ப்பவரின் பொறுப்பான முடிவுகளுள் ஒன்றே.

ஓர் உயிரைப் பெருகச் செய்யும் திறமை நம்மிடம் இருக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. எந்தக் குஞ்சு பிறக்க வேண்டாம் என்று முடிவெடுக்கும் திண்மையும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது இல்லாதவர் கையில் அந்தத் திருகாணியைக் கொடுக்காமலிருப்பதே நலம்.