கழுத்து ஆடுது சார்!

ஸ்கூட்டர்னு சொன்னதும் ஆக்டிவாவை நினைச்சுக்காதீங்க. இது நின்னுக்கிட்டே காலால உந்திப் போற ஸ்டன்ட் ஸ்கூட்டர். எஞ்சின் கிடையாது, மடிக்க முடியாது, பிரேக்னு பேருக்குப் பின்சக்கரத்து மேல ஒரு தகடு. எங்க சித்தி பையன், பதிமூணு வயசு, இதுல பைத்தியம். இப்ப அவன் தாடையில மூணு தையல். அதுக்குப் பாதிக் காரணம் நான். அதான் எழுத உட்கார்ந்துட்டேன்.

விஷயம் ஹெட்செட். காதுல மாட்டுறது இல்லைங்க :-) ஹேண்டில் திரும்புற அந்தக் கழுத்துக்குள்ள மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு பேரிங் உட்கார்ந்திருக்கும். அதுவும் அதோட வளையங்களும் சேர்ந்ததுதான் ஹெட்செட். நம்ம சைக்கிள் கடையில கோன் செட்னு சொல்வாங்களே, அதோட பேரன். டெயில்விப்னு ஒரு வித்தை இருக்கு. ஹேண்டிலைப் பிடிச்சபடியே குதிச்சு, பலகையை மட்டும் 360 டிகிரி சுத்தவிட்டு, மறுபடி அது மேலயே காலை வைக்கணும். அந்தப் பலகை சுத்துற அச்சே இந்த ரெண்டு பேரிங்தான். இறங்கும்போது விழுற அடியும் இதுங்க மேலதான்.

என் கட்சி என்னன்னா, கழுத்து ஆடினா உடனே புது ஹெட்செட் வாங்க ஓடாதீங்க. பெரும்பாலும் பொருள் கெட்டிருக்காது, மாட்டின விதம்தான் கெட்டிருக்கும்.

எங்க கதையையே கேளுங்க. வண்டி கடகடன்னுச்சு. வாங்கின கடையில காட்டினோம். "ஹெட்செட் போச்சு"ன்னு சொல்லி வானவில் கலர்ல ஒண்ணை மாட்டிக் கொடுத்தாங்க. 2,400 ரூபாய். ஒரே வாரம், மறுபடி கடகட. சரி, நாமளே பார்ப்போம்னு ஆலன் கீயை எடுத்து, ஹேண்டிலைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப்போட ரெண்டு போல்ட்டையும் முடுக்கு முடுக்குன்னு முடுக்கினேன். ஒண்ணுல மரை போச்சு. இன்னொண்ணு இருக்கேன்னு விட்டுட்டேன். மறுநாள் பார்க்கிங் சரிவுல குதிச்சு இறங்கினான். சக்கரம் ஒரு பக்கம், ஹேண்டில் ஒரு பக்கம். நேரா தாடை தரையில.

தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் இந்த மாதிரி வண்டியை அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. முன்சக்கரத்தை முட்டிக்கு நடுவுல இடுக்கிக்கிட்டார். ஹெட்செட் மூடியும் ஃப்ரேமும் சேர்ற இடத்துல ரெண்டு விரலை வச்சு, ஹேண்டிலை முன்னும் பின்னும் அசைச்சார். "கோன் ஆடுது தம்பி. நீ மேல முடுக்கி என்ன பிரயோஜனம்?" பிரிச்சுப் பார்த்தா கீழ் பேரிங் தலைகீழா கிடக்குது! சரிவா இருக்கிற விளிம்பு சரிவுல உட்காரணும். திருப்பிப் போட்டா எத்தனை ஆயிரம் ரூபாய் பேரிங்கா இருந்தாலும் ஆடத்தான் செய்யும்.

இங்கதான் எல்லாரும் தப்பு பண்றோம். கிளாம்ப்போட வேலை ஹேண்டிலையும் ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிக்கிறது மட்டும்தான். ஹெட்செட்டை அழுத்தி வைக்கிறது கம்ப்ரஷன் போல்ட்னு தனியா ஒண்ணு. எஸ்.சி.எஸ்., ஹெச்.ஐ.சி. வகைன்னா அது மேல இருக்கும், ஹேண்டிலைக் கழட்டணும். ஐ.சி.எஸ்.னா அடியில, முன்சக்கரத்தைக் கழட்டணும். எந்த வகையா இருந்தாலும் முதல்ல கிளாம்ப்பைத் தளர்த்தணும். அது இறுக்கிப் பிடிச்சிருந்தா கம்ப்ரஷன் போல்ட்டை எவ்வளவு முடுக்கினாலும் அழுத்தம் கீழ இறங்காது, மரைதான் போகும். ஆட்டம் நிக்கிற வரைக்கும் மட்டும் முடுக்கிட்டு, முன்பக்கத்தைத் தூக்கிச் சாய்ச்சுப் பாருங்க. ஹேண்டில் தானா விழுந்து திரும்பணும். அப்புறம் அதைச் சக்கரத்துக்கு நேரா வச்சு, கிளாம்ப் போல்ட்டுகளைக் கொஞ்சம் இது, கொஞ்சம் அதுன்னு மாத்தி மாத்தி இறுக்கணும்.

தளர்வா விட்டா ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஃபோர்க் உள்ளுக்குள்ள சுத்தியல் மாதிரி அடிக்கும். குண்டுகள் ஓடுற பாதையில பள்ளம் விழும். ஹேண்டிலை மெதுவா திருப்பினா நடுவுல 'டக்'குனு ஒரு இடத்துல நிக்கும். அந்த நிலைமைக்கு வந்துட்டா மட்டும் பேரிங் மாத்துங்க. அப்பவும் முழு செட் வேண்டாம், ரெண்டு பேரிங் போதும்.

வாங்கித்தான் ஆகணும்னா கலரைப் பார்க்காதீங்க, அளவைப் பாருங்க. இப்ப நல்ல வண்டிகள்ல பெரும்பாலும் இன்டகிரேட்டட் வகை. பேரிங் நேரா ஃப்ரேமுக்குள்ளயே, கையாலயே உட்கார்ந்துடும். வெளி விட்டம் 41.8 மி.மீ., ரெண்டு விளிம்பும் 45 டிகிரி. சைக்கிளுக்கு வர்ற இன்னொண்ணு 41 மி.மீ., அதுல ஒரு விளிம்பு 36 டிகிரி. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். போட்டப்பத் தெரியாது, குதிச்சாத்தான் தெரியும். மலிவான, பழைய வண்டிகள்ல கிண்ணத்தைத் தனியா ஃப்ரேமுக்குள்ள அழுத்தி இறக்கியிருப்பாங்க. அதுக்கு இது சேராது.

விலை கூடுனது நல்லா சுத்தும்னு சித்தி பையன் வாதாடுறான். ஓரளவு உண்மைதான். சீல் நல்லா இருந்தா மண்ணும் தண்ணியும் உள்ள போகாது. ஆனா அந்த நல்ல சீலையும் வாட்டர் சர்வீஸ்ல ஹோஸைப் பிடிச்சு அடிச்சா என்ன ஆகும்? துணியால துடைச்சுட்டு எப்பவாவது கொஞ்சம் கிரீஸ் வைங்க, அது போதும். புதுசா மாட்டினதுன்னா மட்டும் முதல் ரெண்டு மூணு நாள் ஓட்டினதும் அந்த ரெண்டு விரல் சோதனையைத் திரும்பப் பண்ணுங்க. எல்லாம் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

அண்ணன் கூலி அம்பது ரூபாய், புது போல்ட்டுக்குப் பத்து. கடையில கழட்டிக் கொடுத்த பழைய கறுப்பு ஹெட்செட்டையும் நேத்து துடைச்சு கையில சுத்திப் பார்த்தேன். 'டக்'கும் இல்லை, சத்தமும் இல்லை. மேசை டிராயர்ல கிடக்குது.