காலைப் பூட்டும் பெடல்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சைக்கிளும் ஹவாய் செருப்பும் பழைய கூட்டாளிகள். மிளகு, இஞ்சிக் கிடங்குகளின் வாசலில் நிற்கும் சரக்கு ஆட்டோக்களுக்கு இடையே புகுந்து போகிறவர்கள் ஷூ போட்டிருந்தால்தான் ஆச்சரியம். அதில் தவறும் இல்லை. சாதாரண இந்திய சைக்கிளின் பெடலில் இருப்பவை ரப்பர் கட்டைகள். வெறுங்காலையும் அவை உறுத்துவதில்லை.

மவுண்டன் பைக் வாங்கும் இளைஞருக்குத்தான் குழப்பம். கியர், தடித்த டயர், டிஸ்க் பிரேக் எல்லாம் முடிந்தபின் யாராவது ஒருவர் கேட்பார்: “ஷூ வாங்கவில்லையா?” அவர் சொல்வது அடியில் உலோகக் கொக்கி பதித்த, பெடலில் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் ஷூ. அதற்கென்று தனிப் பெடலும் வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சாதாரண சைக்கிள் ஒன்றின் விலையைத் தொட்டுவிடும்.

இந்தப் பூட்டு பனிச்சறுக்கிலிருந்து வந்தது. பிரான்ஸின் லுக் நிறுவனம் 1984இல் அதை சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ அதை வைத்து டூர் டி பிரான்ஸை வென்றார். இறங்கி நடக்கவும் வசதியாக, கொக்கி குழிக்குள் பதிந்திருக்கும் மலை சைக்கிள் ஷூவை ஷிமானோ 1990இல் பிரபலமாக்கியது. ஆனால் 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுன்ட்டி சரிவுகளில் இந்த விளையாட்டை வளர்த்தவர்கள் ஜீன்ஸும் சாதாரண பூட்ஸும் போட்டுக்கொண்டுதான் இறங்கினார்கள்.

பூட்டிக்கொண்டால் காலை மேலே இழுத்தும் சைக்கிளைச் செலுத்தலாம், சக்தி மிச்சமாகும் என்பது வழக்கமான வாதம். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைச் சோதித்தார்கள். மிதமாக மிதிக்கும்போது, ஓட்டப் பயிற்சி ஷூவும் தட்டைப் பெடலும் போதும். உடல் செலவழிக்கும் சக்தியில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. முழு பலத்தையும் கொட்டிப் பாயும்போது பூட்டு உதவுகிறது என்று 2020இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. புதிதாக ஓட்டுகிறவருக்கு அந்தப் பாய்ச்சல் எதற்கு? ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் தட்டைப் பெடலோடுதான் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலக எண்டூரோ தொடரை வென்றார்.

செலவைவிடப் பெரிய விஷயம் விழுவது. பூட்டிய காலை விடுவிக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். திடீரென்று பிரேக் போடும்போது புதியவருக்கு அது நினைவுக்கு வராது; நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்வார். தேயிலைத் தோட்டத்து மண்ணில் என்றால் முழங்கை சிராய்ப்போடு போகும். பஜார் ரோட்டில் பக்கத்தில் லாரி நகர்ந்துகொண்டிருக்கும். கொச்சி மவுண்டன் பைக்காரர் மலைக்குப் போகும்முன் ஓட்டுவதெல்லாம் இப்படிப்பட்ட தெருக்களில்தான். தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் உண்மையான ஏற்றம் தொடங்குவதே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, நேரியமங்கலத்தில்.

அதற்காகச் செருப்போடு கிளம்பவும் கூடாது. மவுண்டன் பைக் பெடல்கள் பலவற்றில் பிடிப்புக்காகச் சிறு ஆணிகள் உண்டு. மழையில் செருப்பு நழுவினால் பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே கிழித்துவிடும். விரல்களை மூடிய, அடிப்பாகம் தட்டையான, லேசில் வளையாத ஷூ போதும். பள்ளிப் பிள்ளைகளின் கான்வாஸ் ஷூகூட ஆரம்பத்துக்குத் தாங்கும். மெத்தென்று உயர்ந்த ஓட்டப் பயிற்சி ஷூ தெருவுக்குச் சரி. கரடுமுரடான இறக்கத்தில் கால் நிலைக்காது.

வயநாட்டில் மானந்தவாடி தேயிலைத் தோட்டப் பாதைகள் போன்ற இடங்களுக்கு அடிக்கடி போகத் தொடங்கினால், ஒட்டும் ரப்பர் அடிப்பாகம் கொண்ட, கொக்கியில்லாத ஷூவுக்குச் செலவழிக்கலாம். பாறை ஏறுகிறவர்களின் ஷூவில் இருந்த ரப்பர்தான் அது. ஹெல்மெட் வாங்கிவிட்டார் என்றால் மட்டும்.

பூட்டுப் பெடல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர், அதன் ஸ்பிரிங் திருகை நன்றாகத் தளர்த்திவிட்டு, ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானத்துப் புல்லில் சில நாள் விழுந்து பழகட்டும். கான்வாஸ்காரர் செய்ய வேண்டியது, லேஸ் முடிச்சை ஷூவுக்குள் செருகிக்கொள்வது. முக்கியமாக வலது காலில். செயின் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது.